மைடரிச் நாட்குறிப்பு

செப்டம்பர் 7, சனி

ஜெர்மனியில், டூயிஸ்பர்க் நகரத்து மைடரிச்சில் மகள் வீட்டில் இருக்கிறோம். அவள் பிரசவத்துக்கு டாக்டர் சொன்ன தேதி நேற்றோடு முடிந்தது. இன்னும் ஒன்றுமில்லை.

செப்டம்பர் 8, ஞாயிறு

எல்லோரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அவளுக்கும் மூச்சு முட்டும். மாப்பிள்ளையின் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். இதில் பெடலைப் பின்பக்கம் அழுத்தினால்தான் பின்சக்கரத்துக்கு பிரேக். இறக்கத்தில் பெடலைப் பின்னால் சுற்றிக்கொண்டே வரும் நம்மூர்ப் பழக்கம் இங்கே செல்லாது.

பழைய சரக்கு ரயில் தடத்தில் தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டு சைக்கிள் பாதை போட்டிருக்கிறார்கள். ரயிலுக்காகக் கட்டிய மேடு, அதனால் ஏற்றமே தெரியவில்லை. ஒரு திருப்பத்தில் மரங்களுக்கு மேலே இரும்பு உருக்கும் ஊதுலைகள் தெரிந்தன. இறங்கி நின்றுவிட்டேன்.

1901-ல் ஆகஸ்ட் தைசன் தொடங்கிய இரும்பாலை. 1985-ல் நிறுத்தினார்கள். இடிக்கத்தான் பேச்சு, ஊர்க்காரர்கள் விடவில்லை. 1994-லிருந்து பூங்கா. 180 ஹெக்டேர். டிக்கெட் கிடையாது, இரவிலும் திறந்தே கிடக்கிறது. துருப்பிடித்த குழாய் ஒன்றின் ஃப்ளாஞ்சில், அதாவது இணைப்பு வளையத்தில், போல்ட்டுகளைத் தடவிப் பார்த்தேன். எந்தக் கையோ கடைசியாக ஸ்பேனர் போட்ட தடம் இன்னும் இருக்கிறது.

செப்டம்பர் 9, திங்கள்

குழந்தையின் இதயத்துடிப்பு நன்றாக இருக்கிறதாம். பனிக்குடத் தண்ணீர் "போதுமான அளவு" இருக்கிறதாம். போதுமான என்றால் எவ்வளவு? எண் கேட்டு வா என்று மாப்பிள்ளையிடம் சொல்லியனுப்பினேன். கேட்காமல் வந்திருக்கிறார்.

செப்டம்பர் 10, செவ்வாய்

ஐந்தாம் ஊதுலை மேல் ஏறினேன். இரும்புப் படிகள், வலைத்தட்டு, கீழே பார்த்தால் தரை தெரியும். ஏறக்குறைய 70 மீட்டர். மேற்கே, ரைன் பக்கம், இன்றும் ஓடும் உருக்காலைகளின் புகை. காலடியில் பிர்ச் மரங்கள். பழைய கேஸ் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, ஆழ்நீச்சல் பழகுகிறார்கள். உள்ளே 13 மீட்டர் ஆழம். தாது கொட்டி வைத்த கான்கிரீட் அறைகளின் சுவரில் கயிறு கட்டி ஏறுகிறார்கள்.

என் மனசு நின்றது இதிலெல்லாம் இல்லை, எம்ஷர் ஆற்றில்தான். நூறு வருஷத்துக்கும் மேல் இந்த வட்டாரத்துச் சாக்கடை முழுவதும் அந்த ஆற்றில்தான் திறந்தபடி ஓடியது. காரணம் கேட்டால் நெய்வேலிச் சுரங்கத்து எங்கள் ஆட்களுக்கு உடனே புரியும்: கீழே நிலக்கரியை எடுக்க எடுக்க மேலே நிலம் அமுங்கும், பூமிக்குள் குழாய் போட்டால் உடைந்துவிடும். சுரங்க வேலை ஓய்ந்து மண் அசையாமல் நின்ற பிறகுதான் சாக்கடையைக் குழாய்க்குள் கொண்டுபோக முடிந்தது. பூங்காவுக்குள் ஓடும் பழைய எம்ஷரில் இப்போது மழைத்தண்ணீர் மட்டும். ஓரத்தில் நாணல்.

ஆனால் பம்புகள் ஓடிக்கொண்டேதான் இருக்கின்றன. 2018 டிசம்பரில் பாட்ரோப் ஊரில் இந்த வட்டாரத்தின் கடைசி நிலக்கரிச் சுரங்கத்தையும் மூடிவிட்டார்கள். ஆனால் நிலம் தாழ்ந்தது தாழ்ந்ததுதான், நீரை இறைக்காவிட்டால் தெருக்களில் ஏரி நிற்கும். முடிவே இல்லாத வேலை என்று தெரிந்தே, அந்தச் செலவுக்காக 2007-லேயே ஓர் அறக்கட்டளை ஏற்படுத்திப் பணம் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள்.

செப்டம்பர் 11, புதன்

மழை. எண் கிடைத்தது. 7. குறைவில்லை என்கிறார்கள்.

செப்டம்பர் 12, வியாழன்

மனைவியை 903 டிராமில் ஏற்றிவிட்டு நான் சைக்கிளில் முன்னாலேயே போய் நின்றேன். ஊதுலையைப் பார்த்து "இதையா தினமும் பார்க்க வர்றீங்க?" என்றாள். பிறகு செடிகளைப் பார்த்ததும் நகரவே இல்லை. கற்குவியலிலும் தண்டவாள இடுக்கிலும் மஞ்சள் பூ. தென்னாப்பிரிக்கச் செடி, யாரும் நட்டதில்லை. தாதுவோடும் சரக்கோடும் உலகமெங்கிருந்தும் வந்த விதைகள் இங்கே முளைத்து, இந்தப் பூங்காவில் மட்டும் 700-க்கும் மேற்பட்ட தாவர வகைகள். வடிவமைத்த பீட்டர் லாட்ஸ் அவற்றைக் களையென்று பிடுங்கவில்லை. அதற்காகவே அந்த மனிதருக்கு ஒரு கும்பிடு போடலாம்.

நடுச் சதுக்கத்தில் 49 இரும்புத் தகடுகள் பதித்திருக்கிறார்கள், ஒவ்வொன்றும் ஏழெட்டு டன். கொதிக்கும் இரும்பு ஓடி ஓடி மேல்பக்கம் அம்மைத் தழும்பு போல அரித்திருக்கிறது. இவள் செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாகச் சுற்றி நடந்தாள்.

செப்டம்பர் 13, வெள்ளி

இரவு நான்கு பேரும் போனோம். நடந்தால் நல்லது என்று மருத்துவச்சி சொன்னதால் மகளையும் அழைத்துப்போனோம். ஊதுலைகள் மேல் பச்சையும் நீலமும் சிவப்புமாக விளக்கு. 1996-ல் ஜோனதன் பார்க் என்ற கலைஞர் அமைத்தது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவள் பக்கத்திலேயே நடந்தேன். களைத்தபோது சீட்டில் கையூன்றி நின்றுகொண்டாள். "அப்பா, நம்ம ஊர்லயும் இப்படி வைப்பாங்களா?" என்று கேட்டாள். வைக்கணும் என்றேன்.

செப்டம்பர் 14, சனி

5.

செப்டம்பர் 15, ஞாயிறு

தூக்கமில்லை. விடிவதற்கு முன்பே கிளம்பி எம்ஷர் ஓரமாகப் போனேன். அங்கே ஒரு காற்றாலை நீரை மேலே ஏற்றி விழவைக்கிறது, தண்ணீரில் காற்று சேர. அதன் அடியில் வெகுநேரம் நின்றேன்.

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் இருக்கும் ஊற்று சும்மா இருக்காது, மேல்நோக்கித் தள்ளும். ஒரு ஷிப்டு பம்ப் நின்றாலே நாங்கள் பதறுவோம். சுரங்கம் ஓய்ந்த பிறகு அந்தத் தண்ணீரை யார் பார்த்துக்கொள்வது, எவ்வளவு இறைப்பது, எவ்வளவு விடுவது, அதற்கு யார் பணம் கட்டுவது? இதையெல்லாம் இப்போதே, அந்த பம்புகளை ஓட்டியவர்கள் உயிரோடு இருக்கும்போதே, எழுதி வைக்க வேண்டும். மண்ணை வெட்டும் ராட்சத வீல் எக்ஸ்கவேட்டர்களைப் பழைய இரும்பு விலைக்கு வெட்டி விற்றுவிடக் கூடாது. ஒன்றையாவது நிறுத்தி வைக்க வேண்டும். ஊர் திரும்பியதும் சங்கத்தில் பேசப்போகிறேன். படங்கள் எடுத்து வைத்திருக்கிறேன்.

மத்தியானம் அவளுக்கு முதுகு வலி. வந்தது, போய்விட்டது. தண்ணீர் குடி, தண்ணீர் குடி என்று எத்தனை தடவை சொல்வேன். குடித்தால் அந்தத் தண்ணீர் ஏறுமா என்று யாரும் தெளிவாகச் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.

செப்டம்பர் 16, திங்கள்

நாளைக் காலை ஏழு மணிக்கு வரச் சொல்லிவிட்டார்கள். வலி வர மருந்து கொடுப்பார்களாம். இவள் ரசம் வைத்து பிளாஸ்க்கைக் கழுவிக்கொண்டிருக்கிறாள். சைக்கிளைக் கீழே பூட்டிவிட்டேன். குழந்தை இருக்கையைக் காரில் பொருத்த வேண்டும், பெல்ட் எந்தப் பக்கம் போகிறது என்று தெரியாமல் மாப்பிள்ளை கீழேயிருந்து கூப்பிடுகிறார்.