3.8 பெரியதா, 3.25 பெரியதா? நான்கு ஆசிரியர்கள் ஒரே பாடத்தை மூன்று முறை நடத்திய கதை

ஏழாம் வகுப்புக் கரும்பலகையில் 3.8, 3.25 என்று எழுதி, எது பெரியது என்று கேட்டேன். பாதிக்கு மேல் 3.25 என்றார்கள். எட்டைவிட இருபத்தைந்து பெரியதல்லவா! ஒரு பூஜ்ஜியம் சேர்த்து 3.80 என்று எழுதிக் காட்டினேன், தலையாட்டினார்கள். மறுவாரத் தேர்வில் அதே பிழை.

பள்ளியில் யாரிடம் கேட்பது? கல்வி உரிமைச் சட்டப்படி ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்குக் கணக்கு, அறிவியல் இரண்டுக்கும் சேர்த்துக் குறைந்தது ஓர் ஆசிரியர் இருக்க வேண்டும். எங்கள் நடுநிலைப் பள்ளியில் அந்த ஓர் ஆள் நான்தான்.

சுற்றுவட்டாரப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில், சாப்பாட்டு நேரத்தில் இதைச் சொன்னபோது, பக்கத்து ஊர்ப் பள்ளிகளின் கணக்கு ஆசிரியர்கள் மூவரும் சிரித்துவிட்டார்கள். அவர்கள் வகுப்பிலும் அதே கதைதான். ஓய்வுபெற இரண்டு ஆண்டுகளே உள்ள மூத்த ஆசிரியர் ஒருவர் ஜப்பானியப் பழக்கம் ஒன்றைச் சொன்னார். பெயர் ஜுக்யோ கென்க்யூ, அதாவது பாட ஆய்வு. ஆசிரியர்கள் கூடி ஒரே ஒரு பாடத்தைத் தயாரிக்கிறார்கள். ஒருவர் நடத்த, மற்றவர்கள் பார்க்கிறார்கள். பிறகு உட்கார்ந்து பேசித் திருத்தி, வேறொரு வகுப்பில் மறுபடி நடத்துகிறார்கள். அங்கே ஒரே பள்ளி ஆசிரியர்கள் சேர்ந்தே செய்துவிடலாம். எங்களுக்கு நான்கு பள்ளிகள் சேர வேண்டியிருந்தது. தலைமையாசிரியர்களின் சம்மதம், மூன்று பிற்பகல்கள், இரண்டு பைக்குகள். ஏற்பாடு அவ்வளவுதான்.

முதல் வகுப்பு என்னுடையது. நோட்டும் கையுமாக ஒருவர் பின்னால் உட்கார்ந்தாலே அதிகாரி சோதனைக்கு வந்திருக்கிறார் என்றுதான் உடம்பு நினைக்கிறது. எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அதனால்தான் முன்பே ஒரு விதி வைத்திருந்தோம். ஆசிரியரைப் பார்க்கக் கூடாது. ஆளுக்கு ஒரு பெஞ்ச், அதில் பிள்ளைகள் எழுதுவதையும் முணுமுணுப்பதையும் அப்படியே குறிக்க வேண்டும், உதவக் கூடாது. உதவாமல் இருப்பதுதான் பெரும்பாடு. டீச்சர் ஒருவர், பென்சிலைப் பிடுங்கிவிடாமலிருக்கக் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டதாகப் பிறகு சொன்னார்.

பணத்தை வைத்து நடத்தினால் எளிது என்றுதான் திட்டமிட்டிருந்தோம். குறிப்புகளைப் படித்தபோதுதான் தெரிந்தது, குழப்பத்துக்கு எரிபொருள் ஊற்றியதே பணம்தான். ஒரு பையன் 3.8-ஐ 'மூன்று ரூபாய் எட்டுக் காசு' என்று வாசித்திருக்கிறான். காசை அவன் கண்ணால் பார்த்ததும் இல்லை. 25 காசு நாணயம் 2011 ஜூன் 30-க்குப் பிறகு செல்லாது, அப்போது இவர்கள் பிறக்கவே இல்லை. இன்னொருவன் கிரிக்கெட் பைத்தியம். 3.5-க்கு அடுத்த பந்தோடு ஓவர் முடிந்துவிடும், 3.8 என்று ஒன்று கிடையவே கிடையாது என்று பக்கத்துப் பையனிடம் வாதாடியிருக்கிறான்.

என்னை உலுக்கியது மூன்றாவது குறிப்பு. எல்லா விடையும் சரியாக எழுதிய ஒரு பெண், தோழியிடம் சொன்ன காரணம்: "புள்ளிக்குப் பிறகு இலக்கம் குறைவாக இருந்தால் அதுதான் பெரிய எண்." இந்த விதிப்படி 0.45-ஐவிட 0.3 பெரியதாகிவிடும். நான் கொடுத்த கணக்குகள் எல்லாம் 3.8, 3.25 மாதிரியே இருந்ததால் அவளுடைய தவறான விதியே சரியான விடையைத் தந்துகொண்டிருந்தது. தனியாக இருந்திருந்தால் சரி என்று டிக் போட்டு நகர்ந்திருப்பேன்.

மூத்தவர் மட்டும் விதியை மீறி என்னையும் கவனித்திருந்தார். நான் பதினொரு முறை 'மூன்று புள்ளி இருபத்தைந்து' என்று சொன்னேனாம். 'இரண்டு ஐந்து' என்று ஒரு முறைகூடச் சொல்லவில்லை.

இரண்டாவது பள்ளியில் பணத்தை விட்டுவிட்டு ஒரு மீட்டர் காகிதப் பட்டையை எடுத்தோம். பட்டையைப் பத்தாகப் பிரித்து, ஒரு பங்கை மறுபடி பத்தாகப் பிரித்து, 0.8 எங்கே, 0.25 எங்கே என்று குறிக்கச் சொல்வது திட்டம். பட்டை வெட்டுவதிலேயே இருபத்தைந்து நிமிடம் போனது. கணக்கு தொடங்கும்போது மணி அடித்துவிட்டது. கத்தரிக்கோலை வகுப்புக்குள் கொண்டுபோனது எங்கள் முட்டாள்தனம்.

மூன்றாவது பள்ளிக்கு வெட்டிய பட்டைகளோடு போனோம். எண்களையும் மாற்றினோம்: 0.3, 0.45, 0.6, 0.125. 'இலக்கம் கூடினால் பெரியது', 'குறைந்தால் பெரியது' என்ற இரண்டு தவறான விதிகளுமே இதில் மாட்டிக்கொள்ளும். முதலில் ஊகித்து வரிசைப்படுத்த வேண்டும், பிறகுதான் பட்டை. வகுப்பில் சண்டையே நடந்தது, அதைத்தான் எதிர்பார்த்தோம்.

அடுத்த நாள் என் வகுப்பில் அந்தப் பெண்ணிடம் பட்டையைக் கொடுத்தேன். 0.3-ஐக் குறித்தாள். 0.45-ஐக் குறித்துவிட்டு, விரலால் மறுபடி எண்ணினாள். வெகுநேரம் பேசவில்லை. "அப்படியென்றால் புள்ளியை ஒட்டி இருக்கும் எண்ணைத்தானே சார் முதலில் பார்க்க வேண்டும்?" என்றாள்.

எல்லோரும் தேறிவிடவில்லை. தேர்வில் ஆறு பேர் இன்னும் தவறு செய்தார்கள். ஓவர் பையனும் அதில் ஒருவன். அடுத்து முழுக்களின் கழித்தலை எடுக்கிறோம். இந்த முறை தன் வகுப்பிலேயே தொடங்கலாம் என்று டீச்சர் ஒப்புக்கொண்டிருக்கிறார், மூத்தவர் தன்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து உட்கார வேண்டும் என்ற நிபந்தனையோடு.