அரண்மனை வாசலுக்கு ஒரு நெஞ்சுத் துடிப்பு

ராமநாதபுரம் பக்கம் மண்டபம் ஊரில் சீரியல் பல்பு செட் போடுவது என் தொழில். கந்தூரி, மாதா கோயில் திருவிழா, முளைப்பாரி எல்லாவற்றுக்கும் போவேன். வெளிச்சம் என்றால் அண்ணாந்து பார்ப்பதுதான் என்று இருந்தவனை மாற்றியது ரஃபேல் லோசானோ-ஹெம்மர் என்ற கலைஞர் 2006-இல் செய்த வேலை. இரண்டு கைப்பிடிகளை நாம் பிடித்தால், நம் நெஞ்சு துடிக்கிற வேகத்தில் ஒரு குண்டு பல்பு மின்னும். கையை எடுத்ததும் அந்தத் துடிப்பு அடுத்த பல்புக்கு நகரும். நமக்குப் பின்னால் வந்தவர் துடிப்பு அதன் இடத்துக்கு வரும். முன்பின் தெரியாதவர்களின் உயிர் ஒரே வரிசையில்! மீன் ஏலம் முடித்து வரும் அக்காவும், பள்ளிவாசல் மோதினாரும் அடுத்தடுத்து மின்னுவதை நம் ஊரில் பார்க்க வேண்டும்.

லூக் ஜெரம் என்ற கலைஞரின் 7 மீட்டர் அகலக் காற்றடைத்த நிலாவும் ஆசைதான். நாசா படங்களை அச்சிட்டு உள்ளிருந்து ஒளிரவிட்ட உருண்டை. அதில் ஒரு சென்டிமீட்டர் நிஜ நிலாவின் 5 கிலோமீட்டர். ஆனால் ஆடி மாதக் கச்சான் காற்றில் எங்கள் அரியமான் கடற்கரையில் அதைக் கட்டி நிறுத்த முடியாது. தை, மாசியில் காற்று தணியும், அப்போது பங்குனி ஆமை என்கிற கடலாமை கரையில் முட்டையிட ஏறும். குஞ்சுகள் வெளிச்சத்தைப் பார்த்தால் கடலை விட்டுவிட்டு அந்தப் பக்கம் நகர்ந்து செத்துப்போகும். கரையில் வேண்டவே வேண்டாம்.

ராமநாதபுரம் அரண்மனை வாசல் போதும். கைப்பிடியும் சென்சாரும் யாராவது செய்து தாருங்கள். பல்பு, ஒயர், ஏணி என் பொறுப்பு.