மாடி பாத்ரூம் மூடி

இன்று காலை மாடி பாத்ரூம் ஃப்ளஷ் டேங்குக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். தண்ணீரில் நெளிந்து நெளிந்து மேலே வருகின்றன, நாலைந்து கொசுப்புழுக்கள்.

பீங்கான் மூடி கீழே விழுந்து உடைந்து பத்து நாளாகிறது. கடையில் மூடி மட்டும் தனியாக வராது, முழு டேங்காக வாங்குங்கள் என்றார்கள், சரி, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், யாரும் அதிகம் போகாத பாத்ரூம்தானே என்று விட்டுவிட்டேன்.

டெங்கு கொசு தேடுவது இப்படித் தேங்கிய நல்ல தண்ணீரைத்தான். முட்டை கொசுவாக 7 முதல் 10 நாள் போதும்.

பக்கத்து வீட்டுக் குழந்தை போன மழைக்காலத்தில் டெங்குவில் பட்ட பாடு கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

தண்ணீரை இறக்கி, உள்சுவரை பிரஷ் போட்டுத் தேய்த்தேன். ஒட்டியிருக்கும் முட்டை காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

அப்புறம் நீளம் அகலம் அளந்துகொண்டு பழைய சாமான் கடைக்குப் போனேன். அதே அளவில் ஒன்று கிடைத்தது, நிறம்தான் வேறு. கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது.

உங்கள் வீட்டிலும் ஒருமுறை திறந்து பாருங்கள்.