கண் பழகும் நேரம்: வீடியோ கேம்களில் எச்.டி.ஆர். ஒளி

நண்பகல் வெயிலிலிருந்து வீட்டுக்குள் நுழைந்ததும் சில நொடிகள் கண் தெரியாமல் நிற்கிறோம். பிறகு கண் பழகி, சுவரும் நாற்காலியும் ஒவ்வொன்றாகத் துலங்குகின்றன. மிக இருண்டதையும் மிக வெளிச்சமானதையும் ஒரே படத்தில் கையாளும் எச்.டி.ஆர். (ஹை டைனமிக் ரேஞ்ச்) எனப்படும் ஒளியமைப்பு வந்த நாளிலிருந்து, கண்ணுக்குரிய இந்த வேலையை வீடியோ கேம்கள் தாமே செய்துகாட்டி வந்திருக்கின்றன. இன்று அந்த வேலையைக் கண்ணிடமே திருப்பிக் கொடுக்க வேண்டிய காலம் வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

அதற்கு முன்பு ஒரு பிக்சலின் வெளிச்சம் 0 முதல் 255 வரையிலான படிகளுக்குள் அடங்கியாக வேண்டும். வெள்ளைத் தாளும் 255, விளக்கும் 255, சூரியனும் 255. இதனால் கெட்டது சூரியன் மட்டுமல்ல, அதன் ஒளி பட்டுத் தெறிக்கும் எல்லாப் பொருள்களும்தான். ஈரமான கல் ஒன்று தன்மீது விழும் ஒளியில் நூற்றில் ஐந்து பங்கைப் பிரதிபலிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சூரியனின் மதிப்பே 255 என்றால் அதில் ஐந்து சதவீதம் ஏறக்குறைய 13. அது கருப்பை ஒட்டிய நிறம், கல் ஈரமாகவே தோன்றாது. சூரியனுக்குத் திரையின் வெண்மையைப் போல ஆயிரம் மடங்கு மதிப்பைக் கொடுத்துக் கணக்கிட்டால், அதே ஐந்து சதவீதம் வெண்மையின் ஐம்பது மடங்காகி, கல்லின் விளிம்பு கண்ணைப் பறிக்கிறது. 2004-இல் வெளிவந்த என்விடியாவின் ஜீஃபோர்ஸ் 6800 கிராபிக்ஸ் கார்டு, வண்ணங்களை 16 பிட் ஃப்ளோட்டிங் பாயின்ட் எண்களாக, அதாவது மிகச் சிறியதையும் மிகப் பெரியதையும் குறிக்கவல்ல புள்ளி எண்களாக வைத்துக் கலக்கும் திறன் பெற்றிருந்தது. அவ்வகை எண் 65,504 வரை போகும்.

2005 அக்டோபரில் வால்வ் என்ற கேம் நிறுவனம் 'ஹாஃப்-லைஃப் 2: லாஸ்ட் கோஸ்ட்' என்ற சிறு பகுதியை இந்த ஒளியமைப்பைக் காட்டுவதற்கென்றே வெளியிட்டது. கடற்கரையில் தொடங்கி, பாறைச் சரிவில் ஏறி, உச்சியிலுள்ள மடாலயத்துக்குப் போக வேண்டும். அதை எத்தனை முறை ஆடியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. வெளியிலிருந்து உள்ளே நுழைந்ததும் அறை இருண்டு கிடக்கும். இரண்டொரு நொடியில் படம் மெல்ல வெளுத்து, சுவர்கள் துலங்கும். மீண்டும் வாசலை நோக்கித் திரும்பினால் கடல் ஒரே வெள்ளையாகத் தெரிந்து பிறகு நீலத்துக்கு இறங்கும். படத்தில் எத்தனை பிக்சல்கள் எவ்வளவு வெளிச்சமாக உள்ளன என்று இடைவிடாமல் கணக்கெடுத்து, அதற்கேற்ப எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் மொத்த வெளிச்ச அளவை, ஏற்றி இறக்கித்தான் அந்த விளைவைக் கொண்டுவந்தார்கள். கண் பழகுவதைப் பற்றி அவ்வளவு கவனமாக யோசித்தவர்களை நான் இன்றும் மதிக்கிறேன்.

ஆனால் கணக்கில் எவ்வளவு வெளிச்சம் இருந்தாலும், திரை மட்டும் அதே 256 படித் திரையாகவே இருந்தது. பெரிய எண்களைச் சிறிய இடத்தில் அடக்கும் வேலைக்கு டோன் மேப்பிங் என்று பெயர். 2002-இல் எரிக் ரைன்ஹார்டும் அவருடைய சகாக்களும் முன்வைத்த சூத்திரத்தின் எளிய வடிவம், ஒரு மதிப்பை அதனுடன் ஒன்றைக் கூட்டி வரும் எண்ணால் வகுக்கிறது: 1 என்பது 0.5 ஆகும், 9 என்பது 0.9 ஆகும், எவ்வளவு பெரிய எண்ணும் 1-ஐத் தாண்டாது. எளிமையானதுதான், ஆனால் படம் சற்று வெளிறிப்போகும். 'அன்சார்ட்டட் 2' விளையாட்டில் பணியாற்றிய ஜான் ஹேபிள், 2010-இல் கேம் டெவலப்பர்ஸ் கான்ஃபரன்ஸில், பழைய ஃபிலிம் சுருளின் இயல்பைப் பின்பற்றும் வளைவை விளக்கிய பிறகுதான், கருப்பு கருப்பாகவே இருக்கும் படங்கள் பரவலாயின என்பது என் கணிப்பு. இடைப்பட்ட ஆண்டுகளில் ப்ளூம் என்ற உத்திதான் எங்கும் கோலோச்சியது. திரையால் உண்மையில் ஒளிர முடியாத குறையை மறைக்க, வெளிச்சத்தைச் சுற்றி ஒளிவட்டத்தைப் பூசினார்கள். மனித முகங்கள்கூட எண்ணெய் தடவியவை போலப் பளபளத்தன.

2016-இல் திரையே மாறியது. அந்த ஆகஸ்டில் வந்த எக்ஸ்பாக்ஸ் ஒன் எஸ், செப்டம்பரில் அப்டேட் பெற்ற பிளேஸ்டேஷன் 4 ஆகிய இரண்டு கேம் கருவிகளும் எச்.டி.ஆர். டிவிக்கு நேரடியாகப் படத்தை அனுப்பத் தொடங்கின. பழைய படத் தரம் 100 நிட் (திரையின் வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சத்தை அளவுகோலாகக் கொண்டது. புதிய தரமோ 10,000 நிட் வரை குறிக்கவல்லது, ஒவ்வொரு நிறத்துக்கும் 1,024 படிகள் உண்டு.

இங்கேதான் எனக்கு ஆதங்கம் எழுகிறது. திரையில் ஆயிரம் நிட் வெளிச்சம் எழும்போது என் கண்பாவை தானாகவே சுருங்குகிறது. விளையாட்டும் பழைய பழக்கத்தில் எக்ஸ்போஷரைக் குறைத்து, ப்ளூமையும் பரப்பினால், ஒரே கூச்சத்தை இரண்டு முறை அனுபவிக்கிறேன். இதற்கு நேர்மாறான ஏமாற்றமும் உண்டு. பெயர்பெற்ற விளையாட்டு ஒன்றில் எச்.டி.ஆரை இயக்கியபோது, சூரியன் வெள்ளைத் துணியைவிடச் சிறிதும் கூடுதலாக ஒளிரவில்லை. பழைய படத்தையே புதிய உறையில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். எச்.டி.ஆர். முத்திரையுடன் நான் வாங்கிய முதல் மானிட்டரில், பின்விளக்கைப் பகுதி பகுதியாக அணைக்கும் வசதி இல்லாததால், நட்சத்திரங்கள் நிறைந்த இரவு முழுவதும் சாம்பல் நிறமாகக் கிடந்தது.

அதனால்தான் எச்.டி.ஆரின் பயனை நான் இருட்டில் தேடுகிறேன். ஒவ்வொரு பிக்சலும் தனியே அணையும் ஓ.எல்.இ.டி. திரைக்கு மாறிய பிறகு, புதிய விளையாட்டு எதுவானாலும் முதலில் அமைப்புகளுக்குப் போய், உச்ச வெளிச்சத்தை என் திரையால் காட்டக்கூடிய அளவுக்கு நிறுத்துகிறேன், எழுத்துகளின் வெண்மையை 200 நிட் அளவுக்கு இறக்குகிறேன், வழியிருந்தால் ப்ளூமை அணைக்கிறேன். பிறகு அறை விளக்கையும் அணைத்துவிட்டு, விளையாட்டுக்குள் ஒரே ஒரு தீப்பந்தம் எரியும் குகையைத் தேடிப் போகிறேன். சுடரை நேராகப் பார்த்துவிட்டுப் பக்கத்துச் சுவருக்குப் பார்வையைத் திருப்பும்போது, திரையில் எதுவும் மாறாமலே, பாறையின் கீறல்கள் ஒவ்வொன்றாக என் கண்ணுக்குத் தெரியத் தொடங்குகின்றன.