எண் மாறாதா அண்ணா?

எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்தவள், என் கோடு மாற்றத்தை ரிவ்யூ செய்யும்போது கேட்டது ஏப்ரல் மாதம். ஒரே வரி. "எண் மாறாதா அண்ணா?" நான் எழுதிய பதில் நான்கு வரி. அந்த நான்கு வரியில் ஒன்றுகூடத் தவறில்லை. அதனால்தான் அது இன்னும் மனதைவிட்டு இறங்க மறுக்கிறது. தவறாகச் சொல்லியிருந்தால் மன்னிப்புக் கேட்டு முடித்திருக்கலாம்.

எங்கள் டிரைவரின், அதாவது ஹார்ட்வேரை லினக்ஸோடு பேச வைக்கும் புரோகிராமின், வேலை இதுதான். ஒரே சீரியல் லைனில் வரிசையாகத் தொங்கும் சென்சார் கார்டுகளை, ஒவ்வொன்றும் தனி டிவைஸ் என்பதுபோல லினக்ஸுக்குக் காட்ட வேண்டும். ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு சீனியர் எழுதிவிட்டுப் போன கோடு. டிரைவர் ஏறியவுடன் 0 முதல் 15 வரை பதினாறு டிவைஸ்களை உருவாக்கிவிடும். கார்டு இருக்கிறதா இல்லையா என்று பார்க்காது. இல்லாத கார்டைத் திறந்தால் பிழை வரும், அவ்வளவுதான். நான்கு கார்டு மாட்டிய பெட்டியில் பன்னிரண்டு வெறும் டிவைஸ்கள் நிற்பதைப் பார்த்து ஒவ்வொரு புது கஸ்டமரும் கேள்வி கேட்பார்.

அழகுக்காக மட்டும் நான் அதில் கை வைக்கவில்லை. உள்ளே நிஜமான ஓட்டைகள் இருந்தன. டிவைஸைப் பதியும் டிவைஸ் ரெஜிஸ்டர் ஃபங்ஷன் தோற்றால், அந்த டிவைஸின் நினைவகத்தை நேராக கேஃப்ரீ செய்து விடுவித்திருந்தார். லினக்ஸின் மையப் பகுதியான கர்னலில் அந்த ஃபங்ஷனுக்கு மேலேயே எழுதியிருக்கிறது: பிழை வந்தாலும் நேரடியாக விடுவிக்காதே, புட் டிவைஸ் என்ற ஃபங்ஷன் வழியாகத்தான் விட வேண்டும் என்று. ஏனென்றால் அந்த நேரத்துக்குள் அந்தப் பொருளுக்கு ரெஃபரன்ஸ் கணக்கு தொடங்கியாயிற்று, வேறு யாராவது அதைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். இன்னொன்று, டிவைஸைப் பதிந்து முடித்த பிறகுதான் அதன் விவரங்களை வெளியே காட்டும் சிஸ்எஃப்எஸ் கோப்புகளை ஒவ்வொன்றாகச் சேர்த்திருந்தார். பதிந்த கணமே, புது டிவைஸ்களைக் கவனிக்கும் யூடெவ் என்ற புரோகிராமுக்குச் செய்தி போய்விடும். யூடெவ் வந்து எட்டிப்பார்க்கும்போது கோப்பு இன்னும் வந்திருக்காது. இதைச் சமாளிக்க எங்கள் ஸ்கிரிப்டுகளில் அங்கங்கே இரண்டு நொடித் தூக்கம். எல்லாவற்றையும் அட்ரிபியூட் குரூப்பாக மாற்றி, பதியும்போதே சேர்ந்து வரும்படி செய்தேன். பதில் சொல்லும் கார்டுக்கு மட்டும் டிவைஸ், எண்ணை ஐடிஏ என்ற கர்னல் வசதி தரும். முந்நூறு வரி நூற்றிருபது ஆனது. அந்தக் கோடு மாற்றத்தை, அந்த பேட்சை, இன்று படித்தாலும் எனக்குப் பெருமைதான்.

ஐடிஏ என்பது காலியாக இருப்பதில் மிகச் சிறிய எண்ணை எடுத்துக் கொடுக்கும். முதலில் வருபவருக்கு 0, அடுத்தவருக்கு 1. அவள் பிடித்தது சரியாக அந்த வரியைத்தான். சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. நான் எழுதிய பதில் ஏறக்குறைய இப்படி: மாறலாம். எண்ணை யூசர்ஸ்பேஸ், அதாவது கர்னலுக்கு வெளியே ஓடும் புரோகிராம்கள், நம்பக் கூடாது. கார்டு மாட்டிய ஸ்லாட்டின் எண்ணைத் தனிக் கோப்பாகக் கொடுத்திருக்கிறேன், யூடெவ் ரூல் எழுதிக்கொள்ளலாம். நெட்வொர்க் கார்டுகளுக்கு ஈத்0, ஈத்1 இடம் மாறுகிறது என்றுதானே 2013இல் லினக்ஸைத் துவக்கி நடத்தும் சிஸ்டம்டி பெயர் வைக்கும் முறையையே மாற்றியது?

அவள் ஒரு கட்டைவிரல் போட்டுவிட்டு அப்ரூவ் செய்தாள்.

இந்த இடத்தை எத்தனை முறை ஓட்டிப் பார்த்தேன் என்று கணக்கில்லை. அவள் கேட்டது "மாறுமா" என்பதையா, அல்லது "மாறினால் யாருக்கு வலிக்கும்" என்பதையா? நான் முதலாவதற்குப் பதில் சொன்னேன். இரண்டாவது எனக்குக் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால், எதிர் டேபிளில் இருப்பவரிடம் "அளவைப் படித்துப் பதியும் லாகரின் கான்ஃபிகில் எண்ணா, பெயரா?" என்று ஒரு வார்த்தை விசாரித்திருப்பேன். நாலு அடி தூரம்.

சரி, நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். சென்னை காசிமேட்டில் ஒரு ஐஸ் ஃபேக்டரியில், தொட்டிகளின் குளிரை அளக்கும் எங்கள் பெட்டி இருக்கிறது. மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. அப்போது அங்கே வேலை அடங்கிவிடும் என்பதால் மே மாதம் அப்டேட் போட்டோம். பெட்டியை மட்டும் ரீபூட் செய்தோம், கார்டுகளில் கரண்ட் இருந்தது. நான்கும் வரிசையாகப் பதில் சொன்னன. அதற்கு முன் ஆபீஸ் டேபிளிலும் அப்படித்தான்.

ஜூனில், படகு இறங்க நான்கு நாள் இருக்கையில், மெயின் சுவிட்சைப் போட்டு எல்லாவற்றையும் ஒன்றாக எழுப்பியிருக்கிறார்கள். ஸ்லாட் 2இல் இருந்தது பழைய ஃபர்ம்வேர் கார்டு. எழுந்திருக்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும். டிரைவர் கார்டுகளைத் தேடிய முதல் சுற்றில் பதில் சொல்லவில்லை. ஸ்லாட் 3 போய் 2ஆம் எண்ணை எடுத்துக்கொண்டது. இரண்டாவது சுற்றில் வந்த கார்டுக்கு 3 கிடைத்தது. டிரைவர் கணக்குப்படி எல்லாம் சுத்தம். லாகில் ஒரு எச்சரிக்கைகூட இல்லை.

காலை ஏழரைக்கு ஆப்பரேட்டர் போன் செய்தார். "இன்னா தம்பி, உன் பொட்டி பொய் சொல்லுது. மூணாவது தொட்டிக்கு இன்னும் லைனே தொறக்கல, அது மைனஸ் எட்டுன்றான். ரெண்டுல ஐஸ் கட்டிக்கினு கீது, அது முப்பத்தொண்ணாம்."

தண்டையார்பேட்டை ஆபீஸிலிருந்து வண்டியில் பத்து நிமிடம். வாசலிலேயே அம்மோனியா வாடை மூக்கில் ஏறியது. அவர் என்னை இரண்டாவது தொட்டிக்கு அழைத்துப் போய், மரப்பலகை ஒன்றைத் தூக்கி, கயிற்றில் கட்டி உப்புத்தண்ணீரில் தொங்கவிட்டிருந்த தெர்மாமீட்டரை வெளியே எடுத்துக் காட்டினார். கண்ணாடியெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது. கட்டைவிரலால் துடைத்து, "பாரு" என்றார். மைனஸ் எட்டு. திரும்பி ஸ்கிரீனைப் பார்த்தேன். தொட்டி 2, 31 டிகிரி என்று பச்சை எழுத்தில் நிம்மதியாக நின்றது.

"இத நம்பி ரெண்டாவதுக்கு கேஸ் ஏத்தி வுட்டுருந்தா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. தொட்டி இன்னும் குளிரவில்லை என்று நினைத்து வால்வை அதிகம் திறந்தால், அம்மோனியா முழுக்க ஆவியாகாமல் திரவமாகவே கம்ப்ரஸருக்குத் திரும்பும். திரவத்தை அழுத்த முடியாது. கம்ப்ரஸர் உடையும். உடைந்த இடத்தில் அம்மோனியா வெளியே வரும். சாதாரணக் காற்றழுத்தத்தில் மைனஸ் 33 டிகிரியிலேயே கொதிக்கிற பொருள் அது. வெளியே வந்தால் காற்றாகத்தான் வரும், அந்தச் சந்தில் எத்தனை வீடு.

ஒன்றும் நடக்கவில்லை. அவர் ஸ்கிரீனைவிடக் கயிற்றை நம்பினார், அதனால் நடக்கவில்லை. அவரிடம் "எண் மாறிப்போச்சுண்ணே, சரி பண்ணிடுறேன்" என்று மட்டும் சொன்னேன்.

அன்று மதியமே சரி செய்தேன். ஐடிஏவை எடுத்துவிட்டு, ஸ்லாட் எண்ணே டிவைஸ் எண் என்று ஆக்கினேன். பதினொரு வரி. மற்ற மாற்றங்களை அப்படியே விட்டேன், அவை சரியானவை. அந்தப் பன்னிரண்டு வெறும் டிவைஸ்கள் திரும்பி வரவில்லை, வரவும் கூடாது.

இங்கே என் பக்கத்தையும் சொல்ல வேண்டும். ரிலீஸ் நோட்டில் தெளிவாக எழுதியிருந்தேன்: எண்ணை நம்ப வேண்டாம், ஸ்லாட் கோப்பைப் பார்க்கவும் என்று. கான்ஃபிக் எழுதியவர் அதைப் படிக்கவில்லை. அது என் தவறா? கர்னல் எழுதுகிற யாரைக் கேட்டாலும் என் பக்கம்தான் நிற்பார்கள் என்று பல நாள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆனால் நிற்க மாட்டார்கள். யூசர்ஸ்பேஸை உடைக்கக் கூடாது என்பது லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் வருடக்கணக்காகப் பிடிவாதமாக வைத்திருக்கும் விதி. அதில் "ஆவணத்தில் எழுதியிருந்தால் உடைக்கலாம்" என்று விலக்கு கிடையாது. எதை நம்பி ஒருவருடைய புரோகிராம் ஓடிக்கொண்டிருந்ததோ, அதுதான் ஒப்பந்தம். ஆறு வருடம் ஸ்லாட் 2 என்றால் 2. யாரும் எழுதித் தரவில்லை, ஆனால் ஆறு வருடம் காப்பாற்றிய வாக்கு. அந்த சீனியர் பதினாறையும் கண்மூடி உருவாக்கினாரே, அதை நான் சோம்பேறித்தனம் என்று நினைத்தேன். எண்ணை ஸ்லாட்டோடு ஆணியடிக்கத்தான் அப்படிச் செய்தாரோ என்னவோ. ஒரு வரி கமெண்ட் எழுதியிருக்கலாம் அவர். இதை எழுதும்போதுகூட அவர் மேல் கொஞ்சம் கோபம் வருகிறது. அதே கமெண்ட்டை நானாவது எழுதினேனா என்று போய்ப் பார்த்தேன். எழுதவில்லை. அப்புறம்தான் சேர்த்தேன்.

நான் சேர்க்காதது வேறொன்று. கர்னல் பழக்கத்தில், ஒரு பிழையை முதலில் சுட்டியவர் பெயரை ரிப்போர்ட்டட்-பை என்று பேட்சின் அடியில் போடுவோம். சரிசெய்த பேட்சில், எந்தப் பழைய பேட்சின் தவறைத் திருத்துகிறது என்று காட்டும் ஃபிக்ஸஸ் வரி போட்டேன், காசிமேட்டிலிருந்து தகவல் வந்ததாகப் போட்டேன். அவள் ஏப்ரலில் கேட்டதைப் போடவில்லை. கேள்வி கேட்பதும் பிழையைச் சுட்டுவதும் ஒன்றா என்று அன்று யோசித்தேன், ஒன்றில்லை என்று முடிவு செய்தேன். அந்த பேட்சை ரிவ்யூ செய்தவளும் அவள்தான். "ஓகே அண்ணா" என்று எழுதினாள். அதில் குத்தல் இருந்ததா என்று தேடினேன். இல்லை. இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

அதன்பின் அவள் என் பேட்சுகளில் கேள்வி கேட்பது குறைந்திருக்கிறது. வேலை கூடிவிட்டதாலும் இருக்கலாம். என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

போன வாரம் அவள் ஒரு பேட்ச் அனுப்பினாள். எங்கள் டிவைஸ்களுக்கெல்லாம் தாயாக, நிஜத்தில் இல்லாத ஒரு பிளாட்ஃபார்ம் டிவைஸை உருவாக்கி வைத்திருந்தோம். நிஜ ஹார்ட்வேர் இல்லாத இடத்தில் அப்படிச் செய்யக் கூடாது என்று கர்னல் 6.14இல் இப்படிப்பட்ட பொய் டிவைஸ்களுக்கென்றே ஃபோ பஸ் என்று தனியாக ஒன்று வந்திருக்கிறது. அதற்கு மாற்றியிருக்கிறாள். நல்ல வேலை, என்னுடையதைவிடச் சின்னது, சுத்தமானது.

ஆனால் தாய் மாறினால் சிஸ்எஃப்எஸ் பாதை மாறும். பிளாட்ஃபார்ம் என்று இருந்த இடத்தில் ஃபோ என்று வரும். நம் ஸ்கிரிப்ட் ஏதாவது அந்தப் பாதையை முழுதாக எழுதி வைத்திருக்கிறதா என்று தேடினேன். மூன்று இருக்கின்றன. ஒன்று காசிமேட்டில் ஓடுகிறது.

ரிவ்யூ பெட்டியில் "பாதை மாறாதா?" என்று அடித்தேன். அனுப்பாமல் அழித்தேன். அவளைச் சோதிப்பதுபோல இருந்தது. "மூன்று இடத்தில் உடையும், பார்" என்று அடித்தேன். அது நான் பெரியவன் என்று காட்டுவதுபோல இருந்தது. ஏப்ரலில் அவள் அந்த ஒரு வரியை எனக்கு எழுதும்போது இப்படி எத்தனை முறை அழித்திருப்பாள்?

செவ்வாய்க்கிழமையிலிருந்து அந்த பேட்ச் என்னிடம் நிற்கிறது. இன்று காலை டீ குடிக்கும்போது, "அண்ணா, ஏதாச்சும் மாத்தணுமா?" என்று கேட்டாள். நாளைக்குள் பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.