பள்ளம்

ஜூன் 3
இன்றும் வண்டியைப் பள்ளத்தில் விட்டேன்.

ஜூன் 4
நேற்று இதற்கு மேல் எழுத மனம் வரவில்லை. வண்டி ஓட்டப் பழக்கும் சிமுலேட்டரின் மேடை முன்பக்கமாகச் சாய்ந்து ஓர் உதறு உதறிய பிறகுதான் அங்கே பள்ளம் இருந்ததே எனக்குத் தெரிந்தது. இரவுப்பார்வைக் கருவியில் எல்லாம் ஒரே பச்சை. நிழல் விழுந்தால்தான் மேடும் பள்ளமும் பிரியும், அமாவாசை இரவென்று அமைத்துவிட்டால் நிழலுக்கு எங்கே போவது? என்னிடம் பயிற்சி பெறும் பையன்களிடம் இதைத்தான் காரணமாகச் சொன்னேன். இருவர் அதே இடத்தில் வண்டியை நிறுத்தியிருந்ததைப் பிறகு பதிவில் பார்த்தேன்; அவர்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஜூன் 7
கண் பரிசோதனைக்கு 16ஆம் தேதி வரச்சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது.

ஜூன் 9
வெறும் கண்ணுக்கு இருபுறமும் சேர்த்து ஏறக்குறைய 200 பாகை தெரியும், கருவியிலோ சுமார் 40 பாகைதான் என்பதால், தலையைத் திருப்பிக்கொண்டே ஓட்டவேண்டும் என்று இன்று தொண்டை வற்றக் கத்தினேன். கருவி நட்சத்திர ஒளியை எலக்ட்ரான்களாக மாற்றி, லட்சக்கணக்கான நுண்துளைகள் கொண்ட தகட்டில் பெருக்கி, ஒளிர்திரையில் மோதவிடுகிறது. நாம் பார்ப்பது அந்தத் திரையைத்தான், சாலையை அன்று. எதிரே முகப்பு விளக்கு வந்தால் அதைச் சுற்றி வட்டம் கட்டும். எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசைகட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே இதை மாட்டிக்கொண்டு போனால் வட்டங்களைத் தவிர வேறொன்றும் தெரியாது.

ஜூன் 12
திருவொற்றியூரில் இரவு மின்சாரம் இல்லை. மொட்டை மாடியில் நின்று இடது கண்ணை மூடிக்கொண்டு கடலில் தெரிந்த படகு விளக்குகளைப் பார்த்தேன். ஒவ்வொன்றையும் சுற்றி வட்டம். கருவி எதுவும் மாட்டியிருக்கவில்லை.

"என்னங்க, ஒத்தக் கண்ணால அப்படி என்ன பார்க்கறீங்க?" என்றாள். படகு என்றேன்.

ஜூன் 14
முழுநிலவு அமைப்பில் பள்ளத்துக்கு முன்பே நிறுத்திவிட்டேன். அமாவாசையில் மறுபடியும் விழுந்தேன். ஒரு பையன் அருகே வந்து, "சார், வலது கண் பக்கத்து ஃபோகஸ் வளையத்தைத் திருகிப் பார்த்தீங்களா?" என்று மெல்லக் கேட்டான். அது ஏற்கெனவே கடைசிவரை திருகப்பட்டிருந்தது.

ஜூன் 15
எதைப் பார்த்து நிறுத்தினீர்கள் என்று அந்த இருவரிடமும் கேட்டுவிட்டேன். ஓரத்துப் புல்வரிசை அந்த இடத்தில் சட்டென்று அறுபடுகிறதாம். மாலையில் மூன்று முறை ஓட்டிப் பார்த்தேன். எனக்குப் புல்லே தெரியவில்லை.