விளம்பரத்தை நிறுத்திய அன்று போன் அடிக்கவில்லை

காங்கேயம் பக்கம் எங்களுக்கு வாகை மரச் செக்கு ஒன்று இருக்கிறது. வெளியூருக்கும் எண்ணெய் அனுப்பலாம் என்று வெப்சைட் போட்டோம். மூன்று மாதமாகியும் தெரிந்தவர்களைத் தவிர ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. சரி, காசு கொடுத்தாவது ஆட்களை வரவழைப்போம் என்று கூகுள் தேடலில் விளம்பரம் காட்டும் கூகுள் ஆட்ஸில் ஒரு நாளைக்கு 500 ரூபாய் ஒதுக்கினேன்.

அன்று மதியமே போன் வந்தது. "மரச்செக்கு என்ன விலைங்க?" என்று கேட்டார் ஒருவர். லிட்டர் விலையைச் சொன்னேன். "எண்ணெய் இல்லைங்க, செக்கு மெஷின்" என்றார். சாயங்காலத்துக்குள் அதே கேள்வியோடு இன்னும் இரண்டு பேர்.

12 நாளில் 6,000 ரூபாய் போயிருந்தது; வந்த ஆர்டர் 7. அப்போதுதான் தேடல் சொற்கள் அறிக்கையைத் திறந்தேன். எந்தச் சொல்லுக்கு விளம்பரம் வரவேண்டும் என்று நாம் கொடுக்கும் கீவேர்டு ஒன்று, மக்கள் தேடும்போது அடிப்பது இன்னொன்று. அவர்கள் அடித்ததை இந்த அறிக்கை காட்டும். 'செக்கு மெஷின் விலை', 'செக்கு வைக்க லோன்', 'மரச்செக்கு பயிற்சி' என்று பக்கம் பக்கமாக இருந்தது. ஒவ்வொரு கிளிக்குக்கும் எட்டு, பத்து ரூபாய் கொடுத்திருக்கிறேன். தொடர்புள்ள தேடலுக்கெல்லாம் விளம்பரத்தைக் காட்டும் பிராட் மேட்ச்சிலேயே கீவேர்டுகளை விட்டது என் தவறு. கீவேர்டின் பொருள் அடங்கிய தேடலுக்கு மட்டும் காட்டும் ஃபிரேஸ் மேட்ச்சுக்கு மாற்றினேன். மெஷின், லோன், பயிற்சி, வேலை எல்லாவற்றையும் நெகட்டிவ் கீவேர்டாக, அதாவது விளம்பரம் வரக்கூடாத சொற்களாகப் போட்டேன். விளம்பரத்தைத் தொட்டால் முகப்புக்குப் போகாமல், விலையோடு இருக்கும் நல்லெண்ணெய்ப் பக்கத்துக்கே போகும்படி செய்தேன். அதற்கு அப்புறம் போட்ட காசுக்கு ஆர்டர் வந்தது.

ஆனால் வீட்டில் ஒரு காதுகுத்து. பார்சல் கட்ட ஆளில்லை என்று நான்கு நாள் விளம்பரத்தை நிறுத்தினேன். நிறுத்திய அன்றே போன் அடங்கிவிட்டது. மோட்டாரை அணைத்ததும் வாய்க்கால் காய்ந்த மாதிரி இருந்தது. அந்த நான்கு நாள் எனக்குள் பயத்தை விட்டுப்போனது.

ஒரே மாதத்தில் உங்கள் வெப்சைட்டை கூகுள் தேடலின் முதல் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறேன் என்று ஒருவர் 25,000 ரூபாய் கேட்டார். தேடல் முடிவில் முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. வேண்டாம் என்றுவிட்டேன்.

காசு கொடுத்துத் தெரிந்துகொண்ட அந்தச் சொற்களையே மறுபடி எடுத்தேன். மெஷின் தேடியவர்களுக்கு நடுவே வேறு கேள்விகளும் கிடந்தன. 'நல்லெண்ணெய் ஏன் கசக்கிறது', 'செக்கு எண்ணெய் அடியில் கசடு', 'தேங்காய் எண்ணெய் உறைந்தால் கலப்படமா'. அப்பாவை உட்காரவைத்துக் கேட்டேன். எள் ஆட்டும்போது எப்போது கருப்பட்டி சேர்ப்பது, எண்ணெயை எத்தனை நாள் தெளியவைப்பது என்று அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். வெப்சைட்டில் கேள்விக்கு ஒரு பக்கம். மார்கழிக் காலையில் பாதி உறைந்த பாட்டிலைப் படமெடுத்து, சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனால் நல்ல தேங்காய் எண்ணெயும் உறையும் என்று கீழே போட்டேன்.

கூகுள் தேடலில் நம் பக்கம் எப்படி வருகிறது என்று காட்டும் சர்ச் கன்சோலை இரண்டு மாதம் தினமும் பார்த்தேன். தேடல் முடிவில் பக்கம் தென்படும் எண்ணிக்கையான இம்ப்ரெஷன் ஏறியது, கிளிக் இல்லை. தேடல் முடிவில் இடம் 40-க்கும் பின்னாலேயே கிடந்தது. விட்டுவிடலாம் என்றுகூடத் தோன்றியது. ஐந்தாவது மாதம் தேங்காய் எண்ணெய்ப் பக்கம் முதல் பக்கத்துக்கு வந்தது. ஊட்டியிலிருந்து ஒரு அம்மா கூப்பிட்டார். "உங்க படத்துல இருக்கற மாதிரியேதான் எங்க வீட்டு பாட்டிலும் இருக்குது. கெட்டுப்போச்சுன்னு கொட்டப் பார்த்தேன்" என்றார். அது நாங்கள் விற்ற எண்ணெய்கூட இல்லை. அடுத்த வாரம் ஐந்து லிட்டர் ஆர்டர் கொடுத்தார். அந்த கிளிக்குக்கு ஒரு பைசா செலவில்லை.

விளம்பரத்தை முழுதாக விடவில்லை. தீபாவளி எண்ணெய்க் குளியலுக்கு நல்லெண்ணெய் தேடுகிறவர்கள் வருவது அந்த மூன்று வாரம்தான். புதுப் பக்கம் ஏறிவர அந்த நாள் போதாது. அப்போது மட்டும் காசு போடுகிறேன், தினமும் இரவு தேடல் சொற்களைப் பார்த்துவிட்டுத்தான் படுக்கிறேன். போன தீபாவளிப் பட்டியலில் 'செக்குக் கடலை எண்ணெய் பலகாரம் சுடும்போது ஏன் பொங்குகிறது' என்று நிறையப் பேர் கேட்டிருந்தார்கள். அப்பாவிடம் கேட்டுவிட்டேன், அந்தப் பக்கம் பாதி எழுதியாகிவிட்டது.